வாங்கிய அடியும் கொடுத்த அடியும்: ஒரு கவுண்டர் ஸ்ட்ரைக் சர்வரின் எட்டு மாதம்

ஞாயிறு இரவு ஒன்பதரை மணி என்றால் எங்களுக்கு டஸ்ட் 2, கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் ஒரு மேப், அதாவது களம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எது இருந்தாலும் அந்த நேரத்துக்கு எப்படியாவது கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிற பதினைந்து இருபது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் 2005 வாக்கில் காட்பாடி காந்தி நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஒரே அறைக் கம்ப்யூட்டர்களை இணைத்த லேனில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிப் பழகியவர்கள். அந்த சென்டர் இப்போது மெடிக்கல் ஷாப். ஆடியவர்கள் சென்னை, பெங்களூரு, துபாய், ராணிப்பேட்டை என்று சிதறிவிட்டார்கள். மீதிப் பேர் அவர்களுடைய தம்பிகள், தம்பிகளின் விடுதி நண்பர்கள்.

எல்லோரையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்துவைக்கிற சர்வர் என் பொறுப்பு. என் தொழில் கடைகளுக்கு சிசிடிவி கேமரா போடுவது. கேபிள் இழுப்பேன், கேமரா படத்தைப் பதிவு பண்ணுகிற டிவிஆர் பெட்டி மாட்டுவேன், ரவுட்டர் செட் பண்ணுவேன். அதனால் நெட்வொர்க் தெரிந்தவன் என்று ஒரு பெயர். காட்பாடியில் என் கடைப் பரணில் ஒரு பழைய ஐ3 மெஷின், அதில் லினக்ஸ், யாரோ எப்போதோ கொடுத்த ஜிப் கோப்பிலிருந்து பிரித்துப் போட்ட சர்வர். பைபர் இணைப்பு, ரவுட்டரில் 27015 போர்ட்டை, அதாவது வெளி ஆட்கள் ஆட்டத்துக்குள் வருகிற கதவை, திறந்துவிட்டிருந்தேன். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மே மாதம் கத்திரி வெயிலில் லேக், அதாவது ஆட்டம் திணறி இழுப்பது, ஆரம்பித்தது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தகரக் கூரைக்குக் கீழே பரணில் இருக்கிற மெஷின் திணறினால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்படுவோம். ஹீட்சிங்கைக் கழற்றித் தூசு ஊதினேன். பேஸ்ட் மாற்றினேன். டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் எதிரில் வைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே கதை: எல்லோருக்கும் பிங், அதாவது தகவல் போய்த் திரும்ப ஆகிற மில்லிவிநாடி, 30லிருந்து 400க்கு ஏறி, ஆட்கள் ரப்பர் பொம்மை மாதிரி முன்னும் பின்னும் இழுபட்டார்கள். இணைப்பு கொடுத்தவர்களிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். அவர்கள் பக்கம் தவறே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, மெஷினுக்குள் நுழைந்து போக்குவரத்தைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதான். என்லோட் என்று ஒரு சின்ன கருவி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இரண்டு வரைபடமாகக் காட்டும். ஒரு புதன்கிழமை பகல், சர்வரில் ஒரு ஆள் கூட இல்லை. உள்ளே 6 மெகாபிட், வெளியே 16 மெகாபிட். என் இணைப்பின் அப்லோடு அளவே 20 மெகாபிட். பதினைந்து பேர் ஆடினாலும் இரண்டு மூன்று மெகாபிட்டைத் தாண்டாத சர்வர், காலியாக இருக்கும்போது 16 மெகாபிட் யாருக்கு அனுப்புகிறது? ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தேன். இட்லி வேகும்.

போகிற வருகிற தகவலைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பைப் போட்டு 27015 போர்ட்டில் பத்து விநாடி பிடித்தேன். லட்சத்துக்கும் மேல் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம். எல்லாம் ஒரே அச்சு: முதல் நான்கு பைட் எஃப்எஃப், அப்புறம் டி (T) என்ற எழுத்து, பின்னால் 'சோர்ஸ் என்ஜின் குவெரி' என்ற சொற்றொடர். மொத்தம் 25 பைட். இது தாக்குதலுக்காகச் செய்த பாக்கெட்டே இல்லை. ஆட்டத்துக்குள் சர்வர் பட்டியலைத் திறந்தால் உங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சர்வரிடமும் 'உன் பெயர் என்ன, எந்த மேப், எத்தனை பேர்' என்று கேட்கிற வழக்கமான கேள்வி. ஏ2எஸ் இன்ஃபோ என்பார்கள். பதில் ஒரு 140 பைட் இருக்கும்.

கேட்டது யார் என்று பார்த்தால் மூன்றே மூன்று முகவரிகள். தேடினால் பிரேசிலில் ஏதோ ஒரு நெட்வொர்க். பிரேசில்காரனுக்குக் காட்பாடிப் பரணில் இருக்கிற மெஷினின் பெயரை விநாடிக்குப் பதினோராயிரம் தடவை கேட்க என்ன அவசியம்? அரை மணி நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, கேட்டது அவனே இல்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு உண்டு. பத்திரிகையில் 'இலவச கேட்லாக் பெற எழுதுங்கள்' என்று விளம்பரம் வந்தால், பிடிக்காத ஆளின் விலாசத்தை எழுதி அஞ்சலட்டை போட்டுவிடுவது. அட்டைக்குச் செலவு சில காசு; அந்த ஆள் வீட்டுக்கு வந்து விழுவதோ தடித் தடியான கேட்லாக். போஸ்ட்மேன் அவரைத்தான் முறைப்பார். இணையத்தில் தகவல் அனுப்பும் முறைகளில் ஒன்றான யுடிபியின் பாக்கெட்டும் அந்த அஞ்சலட்டை மாதிரிதான். அனுப்புநர் முகவரியில் என்ன எழுதியிருக்கிறதோ அங்கேதான் பதில் போகும், எழுதியது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. டிசிபி என்ற இன்னொரு முறையில் இரண்டு பக்கமும் கைகுலுக்கிய பிறகே பேச்சு, அதனால் அங்கே இந்தப் பித்தலாட்டம் இவ்வளவு சுலபமாக நடக்காது. வேகம் வேண்டும் என்பதால் ஆட்டங்கள் பெரும்பாலும் யுடிபியில் ஓடுகின்றன.

அதாவது யாரோ ஒருவன் பிரேசில்காரனின் முகவரியைப் போட்டு எங்களிடம் கேட்லாக் கேட்டிருக்கிறான். எங்கள் சர்வர் சொன்ன பேச்சைத் தட்டாமல் அனுப்பியிருக்கிறது. எங்களை மாதிரி இன்னும் எத்தனை சர்வரோ. எங்களுக்கு வந்த லேக், நாங்கள் வாங்கிய அடியால் வந்தது இல்லை. இன்னொருவனை அடித்ததில் எங்களுக்குக் கை வலித்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பெருக்கித் தாக்குதல் என்று பெயர். அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழு 2014 ஜனவரியில் வெளியிட்ட எச்சரிக்கையில், எந்த நெறிமுறையில் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறையில்) ஒரு பைட் கேட்டால் எத்தனை பைட் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கடிகார நேரம் சொல்லும் என்டிபி 556.9 மடங்கு. குவேக் ஆட்டம் 63.9 மடங்கு. எங்கள் ஆட்டம் ஓடுகிற ஸ்டீமின் நெறிமுறை அந்தப் பட்டியலில் பரம ஏழை, 5.5 மடங்கு. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டுகிற முகவரித் தலைப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்று மடங்கு கூட வராது. என் வரைபடத்தில் தெரிந்த 6க்கு 16 அதுதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒன்றாகச் சேர்த்தால் அந்த மூன்று மடங்கே போதும். கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடுகிற வால்வ் நிறுவனம் 2020 டிசம்பரில் இதற்கு ஒரு பூட்டு போட்டது: கேட்டவுடன் பதில் சொல்லாமல், முதலில் ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பி, 'இதைச் சொல்லிவிட்டுக் கேள்' என்பது. பொய் முகவரி போட்டவனுக்கு அந்த எண் போய்ச் சேராது. எங்கள் ஜிப் கோப்பு அதற்கெல்லாம் ரொம்ப முந்தியது.

இதன் வேரை இணைப்பு கொடுப்பவர்களால்தான் அறுக்க முடியும். தன் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லாத முகவரியோடு கிளம்புகிற பாக்கெட்டை வாசலிலேயே நிறுத்துங்கள் என்று ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்லி, 2000 மே மாதத்திலிருந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. உலகத்தில் எல்லோரும் அதைச் செய்திருந்தால் எனக்கு இந்தக் கதையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

சரி, என் பக்கம் செய்தது. கேள்விப் பாக்கெட்டுக்கு ஒரு வசதி, அதன் அளவு மாறாது. ஐபி தலைப்பு 20, யுடிபி தலைப்பு 8, கேள்வி 25, மொத்தம் 53 பைட். லினக்ஸின் ஃபயர்வால், அதாவது வாசல் காவல் கருவியான ஐபிடேபிள்ஸில் 27015க்கு வருகிற 53 பைட் பாக்கெட்டை மட்டும் தனியே பிரித்து, அதன் ஹாஷ்லிமிட் வசதியை வைத்து ஒரு முகவரிக்கு விநாடிக்கு இரண்டு, அதிகபட்சம் ஒரே மூச்சில் ஐந்து, அதற்கு மேல் தூக்கிப்போடு என்று ஒரு விதி. எழுதி எண்டர் தட்டியதும் வெளியே போகிற வரைபடம் மலையிலிருந்து விழுந்த மாதிரி 16லிருந்து பூஜ்யத்துக்கு அருகே வந்தது. உள்ளே வருவது மட்டும் இன்னும் நான்கு நாள் வந்துகொண்டே இருந்தது. பதில் வராத சர்வரால் பயனில்லை என்று தெரிந்ததும் அதுவும் நின்றது.

சர்வருக்குள்ளேயே கேள்விகளுக்கு உச்சவரம்பு வைக்க அமைப்புகள் உண்டு. ஒரு முகவரிக்கு இத்தனை, மொத்தமாக இத்தனை என்று. மொத்த வரம்பை நம்பி ஏமாறாதீர்கள். குப்பைக் கேள்விகளே அந்த வரம்பைத் தின்றுவிடும், நிஜமாகப் பட்டியல் பார்க்கிற ஆளுக்கு உங்கள் சர்வர் தெரியாமல் போகும். நான் ஒரு வாரம் அப்படி ஒளிந்திருந்தேன்.

கடை இணைப்பில் இனிமேல் வேண்டாம் என்று ஜூலையில் பெங்களூரில் ஒரு விபிஎஸ், அதாவது வாடகை மெய்நிகர் மெஷின், எடுத்தேன், மாதம் 600 ரூபாய். சர்வர் மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். வேலூரிலிருந்து பிங் இருபதுக்குள். எல்லோரும் 'அண்ணா சூப்பர்' என்றார்கள். ஒரு மாதம் போனது.

ஆகஸ்டில் நடந்ததுதான் நிஜமான அடி. குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்வான். சுவருக்குப் பின்னால் இருக்கிறவனையும் தலையிலேயே சுடுகிறான். மூன்று வாரம் அவன் ஆட்டத்தை டெமோவாகப் பதிவு பண்ணிப் பார்த்தோம், தானே குறிபார்த்துச் சுடுகிற எய்ம்பாட் என்ற திருட்டு மென்பொருள்தான். பான் போட்டு, இனி உள்ளே வரவிடாமல் தடுத்தேன். 'உங்க சர்வர் இனிமே எப்படி ஓடுதுன்னு பாக்கறேன் அண்ணா' என்று குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டு வெளியேறினான். இருபதாவது நிமிடம் எல்லோரும் ஒன்றாக அறுந்தார்கள்.

தூரத்து மெஷினுக்குள் போகிற வழியான எஸ்எஸ்எச்சில் முதலில் நுழையவே முடியவில்லை. மெஷினை வாடகைக்குக் கொடுத்த ஹோஸ்ட் நிறுவனத்தின் வலைப்பக்க கன்சோல் வழியாகப் போனால், திரை முழுக்க ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது: கன்ட்ராக் அட்டவணை நிரம்பிவிட்டது, பாக்கெட்டைத் தூக்கிப்போடுகிறேன் என்று. லினக்ஸின் ஃபயர்வால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒரு பேரேடு எழுதி வைத்திருக்கும். என் மெஷினில் அதில் 65,536 வரி. பொய் முகவரியிலிருந்து ஆட்ட போர்ட்டுக்கு ஒரு குப்பைப் பாக்கெட் வந்தாலும் அதற்கு ஒரு வரி, அது 30 விநாடி அழியாது. ஆக விநாடிக்கு 2,200 புதுப் புது முகவரி வந்தால் போதும், பேரேடு நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு நிஜ ஆள் வந்தாலும் எழுத இடமில்லை, திருப்பி அனுப்பிவிடும். என் எஸ்எஸ்எச்சுக்கும் அதே கதிதான். இணைப்பில் இன்னும் இடம் இருந்தது, சிபியு சும்மா இருந்தது. வீழ்ந்தது கணக்குப்பிள்ளை மட்டும்.

மருந்து சுலபம். ஐபிடேபிள்ஸின் ரா அட்டவணையில், 27015க்கு வருகிற போகிற யுடிபியைப் பேரேட்டில் எழுதாதே என்று சொல்லிவிட வேண்டும். ஆட்ட சர்வருக்கு அந்தப் பேரேட்டால் எந்த லாபமும் இல்லை. இதைச் செய்யும் அவசரத்தில் விதிகளின் வரிசையை மாற்றிவைத்து என்னையே வெளியே பூட்டிக்கொண்டேன். இரவு பதினொன்றரை மணி, மறுபடி கன்சோல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டவேண்டும். ஐபிடேபிள்ஸ் அப்ளை என்று ஒரு கருவி இருப்பது அப்புறம் தெரிந்தது. புது விதியைப் போட்டுவிட்டு 'உள்ளே வர முடிகிறதா' என்று கேட்கும். குறித்த நேரத்துக்குள் ஆம் என்று அழுத்தாவிட்டால் பழைய விதிக்கே திரும்பிவிடும். தூக்கக் கலக்கத்தில் ஃபயர்வாலைத் தொடுகிறவர்கள் அது இல்லாமல் தொடாதீர்கள்.

இந்த நோ ட்ராக் விதியைப் போட்டதும் சர்வர் எழுந்தது. இருபது நிமிடம் ஆடினோம். அதற்குள் எதிர்ப்பக்கம் இன்னும் பெரிய பொதியாக வாங்கிவிட்டான் போலிருக்கிறது. பூட்டர் என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு மணிக்கணக்கில் தாக்குதல் வாடகைக்குக் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் பந்தல் வாடகை கூட அதைவிட அதிகம். இந்தத் தடவை கன்சோலில் ஒன்றும் தெரியவில்லை, மெஷின் நிம்மதியாக இருந்தது, ஆனால் ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. பத்து நிமிடத்தில் ஹோஸ்டிடமிருந்து மூன்று வரி மின்னஞ்சல்: உங்கள் ஐபி முகவரியை 24 மணி நேரத்துக்கு நல் ரூட் செய்திருக்கிறோம். அந்த முகவரிக்கு வருகிற நல்லது கெட்டது எல்லாவற்றையும் தங்கள் நெட்வொர்க் வாசலிலேயே கிணற்றில் போட்டுவிடுவது என்று அர்த்தம். அதே ரேக்கில் இருக்கிற மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. தாக்கினவன் கேட்டதும் அதுதான், கிடைத்தும் விட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. மெஷினுக்குள் எழுதுகிற விதி எல்லாம் பாக்கெட் மெஷினுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வேலை செய்யும். காட்பாடி மேம்பாலத்தில் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும்போது, ஸ்டேஷன் வாசலில் எவ்வளவு ஒழுங்காக டிக்கெட் பார்த்து என்ன? என் விபிஎஸ்ஸின் பாலம் ஒரு கிகாபிட். அதற்கு மேல் வந்தால் தடுக்க வேண்டிய இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். எதைப் படித்தாலும் ஃபயர்வால் விதிகளைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார்கள், இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

குழுவில் அன்று இரவு பெரிய விவாதம். துபாய்க்காரர், 'மச்சான், நாமளும் ஒரு பூட்டர் வாங்கி அவனை அடிப்போம், காசு நான் தரேன்' என்றார். யாரை அடிப்பது? வந்த முகவரிகளில் ஒன்று கூட அவனுடையது கிடையாது. ஒருவர் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் கணினிச் சேவையை மறுக்கச் செய்வது வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். படித்துப் பார்த்தேன். கையில் இருந்த ஆதாரம் ஒரு வாய்ச்சவடால் செய்தியும் இருபது நிமிட இடைவெளியும் மட்டும். பதினாறு வயதுப் பையன் மேல் அதை வைத்துப் புகார் எழுத எனக்குக் கை வரவில்லை. அவன்தான் என்று இன்று வரை என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

செப்டம்பரில் வாசலிலேயே வடிகட்டுகிற வசதி உள்ள மும்பை ஹோஸ்ட் ஒன்றுக்கு மாறினோம். பிங் கொஞ்சம் ஏறியது, மாதம் 1,440 ரூபாய், பதினெட்டுப் பேருக்குத் தலைக்கு 80. மாறும்போது ஒரு முட்டாள்தனம்: பழைய டொமைன் பெயரை அப்படியே புது ஐபிக்குத் திருப்பினேன். தாக்குகிறவன் பெயரைத்தானே வைத்திருக்கிறான், அவனும் கூடவே வந்தான். மறுபடி ஐபி மாற்றி, இந்தத் தடவை அதற்கு டொமைன் பெயரே கொடுக்காமல் வைத்தேன்.

அதோடு ஒரு வேலை செய்தேன். எப்போதாவது வருகிறவர்களையும் சேர்த்து எங்கள் ஆட்கள் மொத்தமே நாற்பது பேர். உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கெட்டவனைத் தேடுவதற்குப் பதில், கதவை மூடிவிட்டு நாற்பது பேருக்கு மட்டும் திறந்தால் என்ன? வேறொரு மலிவான மெஷினில் ஒரே ஒரு வலைப்பக்கம். குழுவின் கடவுச்சொல்லைப் போட்டு 'நான் வந்துட்டேன்' என்ற பொத்தானைத் தட்டினால், உங்கள் ஐபி ஒரு பட்டியலில் ஏறும். ஆட்ட மெஷின் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை அந்தப் பட்டியலை எடுத்து, ஃபயர்வால் பார்க்கிற ஐபிசெட் என்ற பட்டியலில் போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஆறு மணி நேரம். பட்டியலில் இல்லாத எவனுடைய யுடிபியும் சர்வர் வரைக்கும் போகாது. எழுதியது மொத்தம் அறுபது வரி பைத்தான். பெருமையாக இருந்தது.

முதல் ஞாயிறு ஒன்பது பேரால் உள்ளே வர முடியவில்லை. பாதிப் பேர் போனில் லிங்கைத் தட்டியிருக்கிறார்கள். போன் சிம் டேட்டாவில், கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையில். இரண்டுக்கும் வேறு வேறு ஐபி. பொத்தானுக்கு மேல் 'போன்ல தட்டாத, ஆடுற சிஸ்டத்துல தட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இன்னும் நான்கு பேருக்கு அப்படியும் வரவில்லை. பட்டியலைப் பார்த்தால் அவர்கள் ஐபி நீளமாக, நடுநடுவே இரட்டைப் புள்ளிகளோடு இருந்தது. ஐபிவி6, புது வகை முகவரி! பிரவுசர் ஐபிவி6ல் வருகிறது, 1.6 ஆட்டமோ பழைய வகையான ஐபிவி4 தவிர எதையும் அறியாத கிழவன். வலைப்பக்கத்தின் பெயருக்கு ஐபிவி6 பதிவை நீக்கி, நான்கில் மட்டும் வரும்படி செய்ததும் சரியானது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு ஆனது.

அப்புறம் விடுதிப் பையன்கள். பட்டியலில் இருக்கிறவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு என்று, ஒரு முகவரிக்கு விநாடிக்கு 150 பாக்கெட் என்று வரம்பு வைத்திருந்தேன். ஒரு ஆட்டக்காரர் விநாடிக்கு நூறு அனுப்புவார், ஐம்பது கூடுதலாக விட்டேன், தாராளம் என்று நினைப்பு. ஆனால் விடுதியிலிருந்து ஆறு பையன்கள் ஒரே பொது ஐபியில் வருகிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி இழுத்தது. 'நீ டவுன்லோடு போட்டிருக்க' என்று அவர்களுக்குள்ளேயே சண்டை, ஒருவன் இன்னொருவனின் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டான். வரம்பை 1,000க்கு ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். இதுவரைக்கும் அவர்களிடம் சொல்லவில்லை. சில இணைப்புகளில் வலைப்பக்கத்துக்கு ஒரு ஐபியும் ஆட்டத்துக்கு அதே வரிசையில் இன்னொரு ஐபியும் கிடைக்கும். அவர்களுக்காக முழு ஐபியை விட்டு, கடைசி எண்ணை உதிர்த்த 256 முகவரிக் கட்டாக ஏற்றினேன். கொஞ்சம் தளர்ந்த பூட்டுதான், போதும்.

இதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. பொதுப் பட்டியலில் எங்கள் சர்வர் இப்போது இல்லை. முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார், மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறார். இனிமேல் அப்படி ஒருவர் வர வழியில்லை.

இனி எனக்கு உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் தாக்குதலில் பிடித்து வைத்த கோப்பை அக்டோபரில் நிதானமாகப் பார்த்தேன். பொய் முகவரிக் குப்பைக்கு நடுவே ஒரு பகுதி டிசிபி; கைகுலுக்கல் முழுசாக முடிந்த இணைப்புகள். அப்படியென்றால் அந்த முகவரிகள் நிஜம். யாருடையது என்று தேடினால் பல நாடு, அதில் இந்திய பிராட்பேண்ட் முகவரிகளும் கணிசம். வீட்டு இணைப்பு, கடை இணைப்பு. வீட்டிலும் கடையிலும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கிற பெட்டி எது என்று என்னைக் கேட்கவே வேண்டாம். நான் மாட்டுகிற பெட்டி அது.

மிராய் என்று ஒரு கணினிப் பூச்சி 2016ல் வந்தது. டிவிஆர், ஐபி கேமரா, ரவுட்டர் ஆகியவற்றில் தூரத்திலிருந்து உள்ளே நுழைய இருக்கிற டெல்நெட் கதவைத் தட்டி, தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பெயர் கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும், திறந்தால் உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி தளங்களின் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தருகிற டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அடித்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. ஏதோ ஒரு நாட்டின் ராணுவம் என்று பேசிக்கொண்டார்கள். மிராயை எழுதியது மூன்று இளைஞர்கள், 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆரம்பம் மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்தின் சர்வர்கள்! போட்டி சர்வரை விழ வைத்தால் ஆட்கள் இந்தப் பக்கம் வருவார்கள், கூடவே பாதுகாப்புச் சேவையும் விற்கலாம். ஆட்ட சர்வர் சண்டைக்கு உருவான ஆயுதம் அது, அதில் குண்டாகப் போனவை கடைக் கேமராக்கள்.

நான் போட்ட இடங்களின் பழைய பில் புத்தகத்தை எடுத்தேன். இன்னும் ஓடுகிற 31 இடம். லாங் பஜார், தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி, ராணிப்பேட்டையில் இரண்டு தோல் யூனிட், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, ஒரு கிடங்கு. டிசம்பர் வரைக்கும் ஞாயிறு பகல்களில் ஒவ்வொன்றாகப் போனேன். ஒன்பது இடத்தில் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லே இருந்தது, மாட்டியவன் நான். 'ஓனர் மறந்துடுவார், இதுவே இருக்கட்டும்' என்று அன்றைக்கு நானே விட்டது. நான்கு இடத்தில் போனில் கேமரா பார்க்க வசதியாக ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தேன். இன்னொரு இடத்தில் நான் திறக்கவில்லை, டிவிஆரே, கருவிகள் தாமாகப் போர்ட் திறந்துகொள்ள உதவுகிற யுபிஎன்பி வழியாக ரவுட்டரிடம் கேட்டு டெல்நெட்டையும் சேர்த்துத் திறந்துகொண்டிருந்தது.

லாங் பஜாரில் ஒரு மொத்த வியாபாரி. கல்லாவில் இருந்தபடியே கேட்டார்:

"இன்னா தம்பி, கேமரா நல்லாத்தானே ஓடுது. நான் கூப்பிடவே இல்லியே."

"சும்மா ஒரு செக்கிங் பாய். பாஸ்வேர்டு மாத்திட்டுப் போயிடறேன்."

"எதுக்கு? என் கடையில எவன் என்னத்த பாக்கப் போறான், மூட்டைதான் கெடக்கு."

"பாக்க மாட்டான் பாய். உங்க பெட்டிய வெச்சு வேற ஒருத்தன அடிப்பான்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ராத்திரி ஆனா நெட் ஸ்லோவா இருக்குன்னு பையன் சொல்லினே இருந்தான்" என்றார். ரவுட்டரில் பார்த்தேன். கடை மூடிக் கிடந்த முந்தின இரவு டிவிஆரிலிருந்து மட்டும் 11 கிகாபைட் வெளியே போயிருக்கிறது. யாருக்குப் போனது என்று பதிவு இல்லை.

மிராய் வகைப் பூச்சிகள் பெரும்பாலும் மெமரியில் மட்டும் இருக்கும், பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல் பழையதே என்றால் சில நிமிடங்களில் திரும்ப வந்து உட்காரும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் இணையக் கேபிளைப் பிடுங்கு, அப்புறம் அணைத்துப் போடு, கடவுச்சொல்லை மாற்று, ரவுட்டரில் யுபிஎன்பியையும் திறந்த போர்ட்டுகளையும் மூடு, கடைசியில் கேபிளைச் சொருகு. புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருள், கிடைத்த மாடல்களுக்குப் போட்டேன். கிடைக்காதவை நிறைய. புதுக் கடவுச்சொல்லை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டினேன். பாதுகாப்பு நிபுணர்கள் திட்டலாம். அந்த ஸ்டிக்கரைப் படிக்க ஒருவன் கடைப் பூட்டை உடைத்து உள்ளே வரவேண்டும், அவனுக்குக் கேமரா கடவுச்சொல் எதற்கு? பாயிடம் காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

சர்வருக்கு இன்னும் அடி வருகிறது. போன ஞாயிறு இரவு 10.12லிருந்து ஏழு நிமிடம் வந்திருக்கிறது, ஹோஸ்டின் வரைபடத்தைத் திங்கட்கிழமை காலை பார்த்துத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் நாங்கள் பி சைட்டில் பாம் வைத்துக்கொண்டிருந்தோம். துபாய்க்காரர் மட்டும் 'லைட்டா இழுக்குது' என்றார். அவர் வீட்டு வைஃபை எப்போதும் அப்படித்தான்.

31ல் இன்னும் இரண்டு பாக்கி, இரண்டும் ஆம்பூர். ஷூ கம்பெனியில் சர்வர் அறைச் சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் லீவு. கிடங்கில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. மேலே அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஏணியோடு போகவேண்டும்.